சிலம்பம் சுற்ற ஒரு சல்லடம்... ஒரு மீட்டர் துணி போதும்!

“அக்கா, நான் இனிமே கம்பு சுத்தப் போறதில்ல.”

டோல்கேட்டில் எங்கள் எதிர்வீட்டுப் பாப்பா இப்படிச் சொன்னபோது நான் நம்பவே இல்லை. ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். இரண்டு வருடமாகச் சிலம்பம் கற்றுக்கொள்கிறாள். சாயங்காலம் ஐந்தரை ஆனால், தன்னைவிட உயரமான கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையை அந்தக் கம்போடு அவள் கடப்பதே தனி அழகு. அப்படிப்பட்டவள் இரண்டு வாரமாக வீட்டைவிட்டு நகரவில்லை.

காரணம், ஒரு பைஜாமா.

ஆண்டு விழாவில் ‘வேலு நாச்சியார் படை’ என்று ஒரு நிகழ்ச்சி. எட்டுப் பிள்ளைகள். நான்கு பேர் ராணியின் படை, நான்கு பேர் எதிரிப் படை. வசனம் கொஞ்சம், கம்புச் சண்டை நிறைய. உடையெல்லாம் வாடகைக்கு எடுத்தது. பளபளவென்று சிவப்பு சாட்டின் பைஜாமா, மேலே ஜரிகை வைத்த சட்டை. மேடையில் பாப்பா ஒரு காலை நன்றாக அகற்றி வைத்து, தாழ உட்கார்ந்து, எதிராளியின் காலை நோக்கி வீச்சு போட்டாள். ‘டர்ர்ர்...’

முதல் வரிசைக்கே கேட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். மீதி நேரம் முழுக்க அவள் முழங்கால் இரண்டையும் ஒட்ட வைத்துக்கொண்டே கம்பு சுற்றினாள். யாரோ ஒருவர் அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வேறு வைத்துவிட்டார். வாடகை உடையைத் திருப்பிக் கொடுக்கப் போனால், கிழிந்ததற்குத் தனியாகப் பணம் கேட்டார்களாம். பணத்தைக் கட்டி பைஜாமாவை வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டார் அவள் அம்மா.

“பொண்ணு வளர்றாம்மா. இத்தோட போதும்னு விட்டுடலாமான்னு பாக்குறேன்” என்றார் என்னிடம்.

கிழிந்தது பைஜாமா. நிற்கப்போவது சிலம்பமா? இந்த வாரக் கைவேலைக்கு விஷயம் கிடைத்துவிட்டது என்று அப்போதே முடிவு செய்தேன்.

கிழிந்தது எங்கே?

முதல் வேலையாக அந்தப் பைஜாமாவை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். துணி வேறு எங்கும் கிழியவில்லை. இரண்டு கால்களும் சேரும் கவட்டில், சரியாகத் தையலை ஒட்டித்தான் விட்டிருந்தது.

சாதாரண பைஜாமாவில் முன்பக்கத் தையல், பின்பக்கத் தையல், இரண்டு கால்களின் உள்தையல் என நான்கும் ஒரே புள்ளியில் வந்து சந்திக்கின்றன. நேராக நிற்கும்வரை அந்தப் புள்ளிக்கு வேலையே இல்லை. காலை அகற்றி உட்கார்ந்தால், இரண்டு தொடைகளும் துணியை ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. இழுப்பு மொத்தமும் அந்த ஒரு புள்ளியில் விழுகிறது. பருத்தியாக இருந்தால் கொஞ்சம் தாங்கும். மெல்லிய சாட்டின் தையல் ஓரத்தில் நூல் நூலாகப் பிரிந்துவிடும்.

அந்தப் பைஜாமா நின்று போஸ் கொடுப்பதற்காகத் தைத்தது. சண்டை போடத் தைத்தது இல்லை. தப்பு பாப்பாவின் காலில் கொஞ்சமும் இல்லை. இதை அவளிடம் சொன்னபோதுதான் இரண்டு வாரத்தில் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

‘வரிந்து கட்டிக்கொண்டு’ வந்தவர்கள்

சண்டைக்குத் தயாராகிறவர்களை நாம் எப்படிச் சொல்கிறோம்? ‘வரிந்து கட்டிக்கொண்டு வந்தான்’, ‘கச்சை கட்டிக்கொண்டு நின்றாள்’. கத்தியைப் பற்றியோ கேடயத்தைப் பற்றியோ பேச்சே இல்லை. இடுப்புத் துணியைத்தான் முதலில் சொல்கிறோம். கால் தடுக்காமல் இருந்தால்தான் கை வேலை செய்யும் என்பது நம் ஆட்களுக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வேட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். தழையத் தழையக் கட்டினால் கல்யாண வீட்டுக்கு. மடித்துக் கட்டினால் கடைத்தெருவுக்கு. ஒரு முனையைக் கால்களுக்கு நடுவே கொண்டுபோய் பின்னால் செருகி, தார்பாய்ச்சிக் கட்டினால் வயலுக்கும் சண்டைக்கும். கேரளக் களரியில் இன்றைக்கும் நீளமான கச்சையை இடுப்பில் இறுக்கச் சுற்றிக் கட்டிய பிறகுதான் பயிற்சி. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் நடுகற்களைப் பாருங்கள். அந்த வீரர்கள் ஆயுதத்தோடும் இடுப்பில் குட்டையான உடையோடும்தான் நிற்கிறார்கள்.

கட்டுவது ஒரு வழி என்றால், தைத்துப் போடுவது இன்னொரு வழி. அதற்குத் தமிழில் அருமையான ஒரு சொல் இருக்கிறது: சல்லடம். குட்டைக் காற்சட்டை என்று பொருள். தென் மாவட்டத்துக்காரர்கள் இந்தச் சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். சுடலைமாடன் கோயில் கொடையில் சாமியாடுகிறவர் உடுத்துவது சல்லடமும் கச்சையும்தான். ஆடும்போது கால் எப்படிப் போனாலும் உடை விலகக் கூடாதே!

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாமிக்குத் தைக்கும் சல்லடம் சாமிக்கு உரியது. அதன் மணிகளையும் அலங்காரத்தையும் நகலெடுத்து விளையாட்டு உடையாக்க வேண்டாம். நாம் எடுத்துக்கொள்ளப்போவது முழங்காலைத் தாண்டி நிற்கும், தாராளமான, நாடா கோத்த காற்சட்டை என்ற வடிவத்தை மட்டும்தான்.

மூவாயிரம் வருடத்துச் சூட்சுமம்

சரி, கவட்டுப் பிரச்னைக்கு என்ன தீர்வு? அதை மனிதர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

சீனாவின் மேற்குப் பகுதியில் துர்ஃபான் என்ற பாலைநிலம் இருக்கிறது. அங்கே யாங்காய் என்ற இடத்துக் கல்லறைகளில் கம்பளி நூலால் நெய்த காற்சட்டைகள் கிடைத்தன. சுமார் 3,000 ஆண்டுகள் பழையவை. இதுவரை கிடைத்ததிலேயே மிகப் பழைய காற்சட்டைகள் இவைதான் என்று 2014-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதில் மூன்றே துண்டுகள். காலுக்கு ஒன்றாக இரண்டு. மூன்றாவது, இரண்டு காலுக்கும் நடுவே வைத்த அகலமான ஒரு கவட்டுத் துண்டு. அணிந்தவர்கள் குதிரை ஏறியவர்கள். குதிரையில் உட்காருவதும் சிலம்பத்தில் தாழ உட்காருவதும் தொடைக்கு ஒரே வேலைதானே!

நாம் செய்யப்போவதும் அதுதான். நான்கு தையல் ஒரு புள்ளியில் சேரும் இடத்தில் ஒரு சதுரத் துணியை வைத்துவிட்டால், ஒரு புள்ளி நான்கு புள்ளிகளாகப் பிரிந்துவிடும். இழுப்பும் பங்கு பிரியும்.

இன்னொரு லாபமும் உண்டு. கையில் கைக்குட்டை இருந்தால் இப்போதே எடுங்கள். எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து நேராக இழுங்கள். அசையாது. இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள். நன்றாக நீளும். தையல்காரர்கள் ‘கிராஸ்’ என்று சொல்வது இதைத்தான். சதுரத்தின் ஒரு மூலை முன்பக்கமும், எதிர் மூலை பின்பக்கமும், மற்ற இரண்டும் தொடைப் பக்கமும் வரும்படி வைத்தால், கால் அகலும்போது துணி மூலைக்கு மூலை இழுபடும். எலாஸ்டிக் இல்லாமலே கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும்.

துணி: நம்ம ஏரியா சமாச்சாரம்

சாட்டின் வேண்டாம். பாலியஸ்டரும் வேண்டாம், வியர்வையில் தொடையோடு ஒட்டிக்கொள்ளும். காடாத் துணி அல்லது கொஞ்சம் கனமான பருத்தி போதும். மேடை விளக்கில் பழங்காலத் தோற்றம் தருவதும் அதுதான். கண்ணாடி மாதிரி பளபளத்தால் ‘படை வீரர்’ என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

டோல்கேட் மெட்ரோவில் ஏறினால் நான்காவது நிலையம் வண்ணாரப்பேட்டை. எம்.சி. ரோட்டில் துணிக்கா பஞ்சம்? துணி வெளுப்பவர்கள் குடியிருந்ததால் வந்த பெயர்தான் வண்ணாரப்பேட்டை. எதிர்த் திசையில், டோல்கேட்டுக்கு அடுத்த நிலையம் காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ‘காலெட் பேட்டை’தான் வாய்வழியாக அப்படி ஆகிவிட்டது. ஒரு பக்கம் நெய்தவர்கள், இன்னொரு பக்கம் வெளுத்தவர்கள். நடுவில் இருக்கும் நாம் ஒரு காற்சட்டைத் துணிக்காக ஆன்லைனில் தேடுவானேன்?

44 அங்குல அகலத் துணியில் 1 மீட்டர் வாங்குங்கள். 12 வயதுப் பிள்ளைக்கு அது போதும். பெரியவர்களுக்கு ஆளின் அளவைப் பொறுத்து 2 மீட்டருக்கு மேல் ஆகலாம். வாங்கியதும் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். பருத்தி சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் இதே கதை மறுபடியும் நடக்கும்.

மூன்று அளவுகள்

இஞ்ச் டேப்பை எடுங்கள். மூன்று அளவுதான்.

1. இடுப்புக்குக் கீழே, உடம்பின் அகலமான இடத்தின் சுற்றளவு. பாப்பாவுக்கு 30 அங்குலம்.

2. நாடா கட்டும் இடத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே நான்கு விரற்கடை வரை. பாப்பாவுக்கு 23 அங்குலம்.

3. முன்பக்கம் நாடா கட்டும் இடத்தில் டேப்பை வைத்து, கால்களுக்கு நடுவே விட்டு, பின்பக்கம் நாடா கட்டும் இடம் வரை. பாப்பாவுக்கு 26 அங்குலம். பலரும் எடுக்காமல் விடுவது இந்த அளவைத்தான். சண்டை உடைக்கு முக்கியமே இதுதான். பிள்ளையே டேப்பைப் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் எண்ணை மட்டும் படியுங்கள்.

வெட்டுவோம்

கால் துண்டு – 2. அகலம்: முதல் அளவில் பாதி, அதோடு தாராளத்துக்கு 4, தையலுக்கு 1. அதாவது 15 + 4 + 1 = 20 அங்குலம். நீளம்: இரண்டாவது அளவோடு நாடாப் பட்டிக்கு 2, கீழே மடிக்க 2. அதாவது 23 + 2 + 2 = 27 அங்குலம். இரண்டுமே நேரான செவ்வகங்கள். வளைவு வெட்டும் வேலையே இல்லை. 44 அங்குல அகலத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்துவிடும்.

கவட்டுச் சதுரம் – 1. 7 அங்குலத்துக்கு 7 அங்குலம். தையல் போக 6 நிற்கும். சின்னக் குழந்தைகளுக்கு 6-க்கு 6, பெரியவர்களுக்கு 9-க்கு 9.

மிஞ்சும் துணியில் ஒன்றரை அங்குல அகலத்தில் பட்டை வெட்டி நாடா தைத்துக்கொள்ளலாம். நாடாவின் நீளம் இடுப்பளவோடு ஒரு முழம் கூடுதலாக இருக்கட்டும்.

இப்போது ஒரே ஒரு கணக்கு. முன்தையல் எவ்வளவு நீளம் வேண்டும்? மூன்றாவது அளவோடு 2 சேருங்கள்: 28. அதில் சதுரத்தின் மூலைக்கு மூலை நீளத்தைக் கழியுங்கள். 6 அங்குலச் சதுரத்துக்கு அது எட்டரை. மிச்சம் பத்தொன்பதரை. அதில் பாதி, ஏறக்குறைய 10 அங்குலம். பெரியவர்களின் 8 அங்குலச் சதுரத்துக்கு எட்டரைக்குப் பதில் 11 கழிக்க வேண்டும். சின்னக் குழந்தைகளின் 5 அங்குலச் சதுரத்துக்கு 7.

தைப்போம்

மெஷின் இருந்தால் ஒரு மணி நேரம். கையால் என்றால் இரண்டு சாயங்காலம். கையால் தைப்பவர்கள் ஓட்டுத் தையல் போடாதீர்கள், பின்தையல் போடுங்கள். ஓட்டுத் தையலில் ஒரு இடத்தில் நூல் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும்.

1. ஒவ்வொரு கால் துண்டிலும் இரண்டு நீள ஓரங்களிலும் சாக்பீஸால் மூன்று குறி போடுங்கள். மேலிருந்து 2 அங்குலத்தில் ஒன்று (நாடாப் பட்டி முடியும் இடம்). 12-ல் ஒன்று (10 அங்குல முன்தையல் முடியும் இடம்). 18-ல் ஒன்று (சதுரம் முடியும் இடம்).

2. இரண்டு கால் துண்டுகளையும் நல்ல பக்கம் உள்ளே வருமாறு ஒன்றன் மேல் ஒன்று வையுங்கள். முன் ஓரத்தில் 2-ம் குறியிலிருந்து 12-ம் குறி வரை தையுங்கள். மேலே தைக்காமல் விட்ட 2 அங்குலம்தான் நாடா நுழையும் வாய். பின் ஓரத்தில் உச்சியிலிருந்தே தொடங்கி 12-ம் குறி வரை தையுங்கள்.

3. இப்போது சதுரம். அதன் ஒரு மூலையை முன்தையல் முடிந்த இடத்திலும், எதிர் மூலையைப் பின்தையல் முடிந்த இடத்திலும் குண்டூசியால் குத்துங்கள். மற்ற இரண்டு மூலைகளும் தாமாகவே ஆளுக்கொரு காலின் 18-ம் குறிக்குப் போய்ச் சேரும். சேரவில்லை என்றால் எங்கோ திருகியிருக்கிறது, பிரித்துத் திரும்பக் குத்துங்கள். நான்கு பக்கமும் தையுங்கள். மூலைக்கு அரை அங்குலம் முன்னால் நிறுத்தி, ஊசி துணியில் இருக்கும்போதே காலைத் தூக்கி, துணியைத் திருப்புங்கள். மூலைகள் சுருங்காமல் வரும்.

4. 18-ம் குறியிலிருந்து கீழே வரை ஒவ்வொரு காலையும் தனித்தனியாக மூடித் தையுங்கள். ‘தனித்தனியாக’ என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. முதல் முறை நான் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்து, அழகான ஒரு மூட்டை தயாரித்தேன். பிரிக்க முக்கால் மணி நேரம் ஆனது. பாப்பா அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள். அதனால் அது நஷ்டக் கணக்கில் வராது.

5. சதுரத்தைச் சுற்றி இன்னொரு முறை தையல் ஓட்டுங்கள். உடையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஓரங்களுக்கு ஓவர்லாக் போட முடிந்தால் நல்லது, இல்லாவிட்டால் மடித்துத் தையுங்கள்.

6. மேலே அரை அங்குலம் மடித்து, பிறகு ஒன்றரை அங்குலம் மடித்துத் தைத்தால் நாடாப் பட்டி தயார். ஊக்கில் நாடாவைக் கோத்து உள்ளே ஓட்டுங்கள். வாய் உள்பக்கம் விழுவதால் முடிச்சும் உள்ளேயே இருக்கும். வெளியே தொங்கும் நாடா கம்பில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இல்லை. கீழே காலோரத்தை மடித்துத் தைத்தால் வேலை முடிந்தது.

முழங்காலுக்குக் கீழே கால்பட்டி

சல்லடத்துக்குக் கீழே வெறுங்காலாக இருந்தாலும் அழகுதான். படை வீரர் தோற்றம் இன்னும் வேண்டும் என்றால் கால்பட்டி சுற்றலாம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில், அரை நிஜார் போட்ட போலீஸ்காரர்கள் கெண்டைக்காலில் சுற்றியிருப்பார்களே, அதுதான். பிரிட்டிஷ் ராணுவம் இதை இந்தியாவில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டது. ‘பட்டி’ என்ற நம் நாட்டுச் சொல்தான் ஆங்கிலத்தில் ‘புட்டீ’ ஆனது. பைஜாமாவும் அப்படியே. பாரசீகத்தில் ‘கால் உடை’ என்று அர்த்தம். இந்தியா வழியாக ஆங்கிலத்துக்குப் போனது.

பழைய வேட்டியிலிருந்து 4 அங்குல அகலத்தில், இரண்டரை மீட்டர் நீளத்தில் இரண்டு பட்டைகள் கிழித்துக்கொள்ளுங்கள். கணுக்காலில் தொடங்கி மேலே சுற்றிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூட வேண்டும். முழங்காலுக்குக் கீழே முடித்து, நுனியை உள்ளே செருகி, சின்ன நாடாவால் கட்டுங்கள்.

இறுக்கிக் கட்டினால்தான் நிற்கும் என்று நினைக்காதீர்கள். சுற்றியதும் பத்து முறை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். கால்விரல் மரத்தாலோ, நிறம் மாறினாலோ உடனே அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள். ஈரமானால் பருத்தி இன்னும் இறுகும் என்பதையும் மறக்க வேண்டாம். மழையில் நனைந்த பட்டியோடு ஆட விடாதீர்கள்.

நிறம் ஏற்றலாமா?

காடாவின் நிறமே போதும். மண் நிறம் வேண்டும் என்றால் டீத்தூளைக் கொதிக்கவைத்த டிகாக்‌ஷனில், ஒரு கைப்பிடி உப்பு போட்டு, ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். கடுக்காய்த் தூள் ஊறிய தண்ணீரில் துணியை நனைத்து, பிறகு துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரில் முக்கினால் சாம்பல் கறுப்பு கிடைக்கும். கலம்காரித் துணிகளின் கறுப்புக்கும் கடுக்காயும் இரும்பும்தான் அடிப்படை.

மஞ்சள் மட்டும் வேண்டாம். வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். சோப்பு பட்டால் சிவந்துவிடும். மேடையேறும் காலையில் அம்மா துவைத்துப் போட்டு, மஞ்சள் படை சிவப்புப் படையாகி, எதிரிக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டால் கதையே மாறிவிடும்!

அவர்கள் கையிலும் பிரம்பு

இதெல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகள் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில், 1966-ல் ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்’ என்ற அமைப்பு தொடங்கியது. இடைக்கால ஐரோப்பிய உடையைத் தாங்களே தைத்துப் போட்டுக்கொண்டு, மைதானத்தில் இரண்டு படையாகப் பிரிந்து மோதுவார்கள். பெரியவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், தாத்தாக்கள் உட்பட. அவர்களின் ‘வாள்’ எதனால் ஆனது தெரியுமா? பிரம்பு! நம் சிலம்ப வகுப்புகளிலும் சுற்றுகிற அதே பிரம்பு.

நம் பக்கமும் சும்மா இல்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அந்தப் போட்டியின் சின்னமே ‘வீரமங்கை’ வேலு நாச்சியார். முதலமைச்சர் கோப்பையிலும் சிலம்பம் உண்டு. போட்டிகளுக்கு அமைப்பாளர்கள் சொல்லும் சீருடையைத்தான் போட வேண்டும். நம் சல்லடம் மேடைக்கும், பயிற்சிக்கும், தெரு விளையாட்டுக்கும்.

வடசென்னைக்கு இது புதிதும் இல்லை. ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்தபோது ஊரே பேசியது நம் ஏரியாக் குத்துச்சண்டையைத்தான். சண்டையை விளையாட்டாக்கி, விளையாட்டை மானமாக்கி வைத்திருக்கிற ஊர் இது. அந்த மானத்தில் பாப்பாக்களுக்கும் பங்கு வேண்டாமா?

மேடைக்கு முன் ஒரு சோதனை

உடை தயாரானதும் கண்ணாடி முன் நிறுத்திப் போட்டோ எடுப்பதோடு விட்டுவிடாதீர்கள். சம்மணம் போட்டு உட்காரச் சொல்லுங்கள். காலை அகற்றி, தொடை தரைக்கு இணையாக வரும்வரை தாழச் சொல்லுங்கள். ஒரு காலை இடுப்புயரம் தூக்கச் சொல்லுங்கள். இருபது முறை. பிறகு உடையைக் கழற்றி உள்பக்கம் திருப்பி, சதுரத்தின் நான்கு மூலைகளையும் பாருங்கள். நூல் தளர்ந்திருந்தால் இப்போதே தெரிந்துவிடும். எதற்கும் உள்ளே ஒரு சைக்கிளிங் ஷார்ட்ஸ் இருக்கட்டும். எந்த உடைக்கும் நூறு சதவிகித உத்தரவாதம் கிடையாது.

பாப்பாவின் சோதனை அவர்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது. மேடையில் உட்கார்ந்த அதே மாதிரி உட்கார்ந்தாள். முதல் முறை மெதுவாக, காதைத் தீட்டிக்கொண்டு. சத்தம் இல்லை. இரண்டாவது முறை கொஞ்சம் வேகமாக. ஏழாவது எட்டாவது முறைக்குள் கையில் துடைப்பக் கட்டையை எடுத்துக்கொண்டு வீச்சு போட ஆரம்பித்துவிட்டாள். “ஏய், குக்கர்... குக்கர்!” என்று அவள் அம்மா கத்தினார். கத்தினாரே தவிர, முகம் முழுக்கச் சிரிப்பு.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள். “அக்கா, இதுல பாக்கெட் இல்லையா?”

நான் யோசிக்கவே இல்லை. மிஞ்சிய துணியில் பாக்கெட்டும் வைத்தாயிற்று.

திங்கட்கிழமை ஐந்தரை மணிக்குக் கம்பு மறுபடியும் சாலையைக் கடந்தது. மாஸ்டர் அவளிடம் எதுவும் கேட்கவில்லையாம். சல்லடத்தை மட்டும் பார்த்துவிட்டு, “இத யாரும்மா தச்சாங்க? மத்த ஏழு பேருக்கும் சேர்த்து அளவு எடுக்கச் சொல்லு” என்றாராம். பாப்பாவின் அம்மா இப்போது இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அலைகிறார்.

அந்த வீடியோ இன்னும் யாருடைய போனிலாவது இருக்கலாம். அதற்கு என்னிடம் தையல் வைத்தியம் இல்லை. உங்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும் வைக்கிறேன். மேடையில் ஒரு பிள்ளையின் உடை விலகினால், கிழிந்தால், போனைக் கீழே இறக்குங்கள். யாராவது அனுப்பினால் அடுத்தவருக்குத் தள்ளாமல் அழித்துவிடுங்கள். ஒரு துப்பட்டாவையோ துண்டையோ எடுத்துக்கொண்டு மேடைப் பக்கம் ஓடுகிற முதல் ஆளாக இருங்கள். கிழிந்த துணியை ஒரு சாயங்காலத்தில் தைத்துவிடலாம். விட்டுப்போன ஆசையைத் திரும்ப இழுத்து வர எவ்வளவு நாள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சல்லடம் தைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். யாராவது என்னை மாதிரி மூட்டை தைத்திருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள், எனக்கும் ஆறுதலாக இருக்கும்.

அடுத்த வாரம்: பழைய ஜீன்ஸ் காலில் சிலம்பக் கம்புக்கு ஓர் உறை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கண்ணைக் குத்தாமல் கம்பைக் கொண்டுபோகும் வழி!